26-வது வாரம்: பாப்பா கையில் ஒரு பரங்கிக்காய்த் துண்டு

இந்த எபிசோடை நான் சென்னையில் பதிவு செய்யவில்லை. கண்ணமங்கலத்தில், எங்க அம்மா வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். இடையில ஏர் ஹாரன் கேட்டால் மன்னிச்சுக்கோங்க, அது வேலூர்–திருவண்ணாமலை ரோட்டில் போகிற பஸ். அதையும் மீறி ஒரு குரல் கேட்டால், அது எங்க பாப்பா. இந்த வாரத்தோடு அவளுக்கு ஆறு மாதம் முடிகிறது.

எனக்கும் ஒன்று முடிகிறது. பேறுகால விடுப்பு. 2017-ல் சட்டத்தைத் திருத்தி 12 வாரமாக இருந்ததை 26 வாரமாக ஆக்கினார்கள். 26 வாரம் என்றால் 182 நாள், அதாவது ஆறு மாதம். குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001-ல் சொன்னதும் இதே கணக்குதான். அதற்கு முன்னால் நாலிலிருந்து ஆறு மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு கணக்கும் அழகாகப் பொருந்துது, இல்லையா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தாய்ப்பால் மட்டும் போதாது, இனி சோறு வேணும் என்று ஆகிற அதே நாளில்தான் அம்மாவை ஆபீஸுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டிய வேலை அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

நான் திங்கட்கிழமை கிளம்பறேன். பாப்பா ரெண்டு மாதம் அம்மாவோடு இங்கேயே இருப்பாள். அதனால் போகிறதுக்குள்ள எல்லாத்தையும் ஆரம்பிச்சு வச்சுடணும்னு, போன ஞாயிற்றுக்கிழமை பரங்கிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, இட்லிப் பானையில் குழைய வேகவைத்து, பாப்பா முன்னால் தட்டில் வைத்தேன். அவளே எடுத்துச் சாப்பிடட்டும் என்று. அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, மாட்டுக்குத் தீனி வெக்கிற மாதிரி முன்னாடி வெக்கிற? தொண்டையில சிக்கினா?" எங்க ஆயா, அதாவது அம்மாவோட அம்மா, திண்ணையிலிருந்தே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "கேவுரு பால் காச்சிக் குடுங்கடி." நான் போனில் சேமித்து வைத்திருந்த வீடியோக்களைக் காட்டினேன். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று ப்ரோக்கோலியைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கே, அதை ஆடியோவில் சொல்ல முடியாது.

யார் சொல்வது சரி என்று தேடப் போய்த்தான் இந்த எபிசோட் வந்தது.

முதலில், பழைய சாட்சி. குழந்தை தன் கையால் சாப்பிடுவது இன்ஸ்டாகிராமில் பிறந்த ஐடியா இல்லை. திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தில் நாலாவது குறள், 64-வது, முழுக்க இதைப் பற்றித்தான். குழந்தை தன் சின்னக் கையை விட்டு அளைந்த கூழ், பெற்றவர்களுக்கு அமிழ்தத்தைவிட இனிப்பு என்கிறது. அங்கே வள்ளுவர் சொல்வது குழந்தைக்கு ஊட்டுகிற கூழை அல்ல, குழந்தை அளைகிற கூழை. புறநானூற்றின் 188-வது பாட்டு இன்னும் விலாவாரியாகப் போகிறது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. எவ்வளவு செல்வம் இருந்தாலும், குறுகுறுவென்று நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கைவிட்டு, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாவிட்டால் வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்கிறான் அந்த அரசன். தரையைத் துடைக்கிற வேலை அவனுக்கு இருந்திருக்காது. அது வேற விஷயம்.

ஆனால் இதை வைத்து "பார்த்தியா, நான்தான் சரி" என்று அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. புறநானூற்றுக் குழந்தை நடக்கிறது. எங்க பாப்பா இன்னும் சாய்ந்து சாய்ந்து உட்காருகிறாள். பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கும் தட்டில் கைவிடுகிற குழந்தைக்கும் நடுவில் ஆறேழு மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியை நம்ம ஊரில் பாலாடையும் சங்கும் ரப்பினது. மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தில் நீர்க்கக் காய்ச்சியதை எடுத்து வாயோரமாக ஊற்றுவார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் பாலாடை பயன்படுகிறது.

டப்பா மாவு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் யூஸ்டஸ் ஃபான் லீபிக் என்று ஒரு பெரிய வேதியியலாளர். 1865-ல் தன் பேரக்குழந்தைகளுக்காக ஒரு கலவை செய்தார்: பசும்பால், கோதுமை மாவு, முளைகட்டிய தானியத்தின் மாவு, கொஞ்சம் காரம். முளைகட்டிய தானியம் என்பதை மனசில் வச்சுக்கோங்க, பின்னால் வருகிறது. இரண்டே வருடத்தில், 1867-ல், சுவிட்சர்லாந்தின் வெவேயில் ஹென்றி நெஸ்லே பாலையும் ரஸ்க் மாவையும் சர்க்கரையையும் சேர்த்து தன் பொடியை விற்க ஆரம்பித்தார். இந்தியாவுக்கு 1920-களில் பம்பாய் வழியாக கிளாக்ஸோ டப்பா வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலில் குழந்தைப் பால்பவுடர் செய்யும் வழியைக் கண்டுபிடிக்க, அமுல் அதை எடுத்துக்கொண்டது. பால் டப்பாவைத் தொடர்ந்து தானிய டப்பாக்கள் வந்தன. டப்பா வந்த வீட்டில் ஸ்பூனும் வந்தது, "வழவழன்னு இருக்கணும்" என்ற எண்ணமும் வந்தது.

இந்த டப்பாக்களின் மறுபக்கமும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1939-லேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் நின்றுகொண்டு, தவறான விளம்பரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்று பேசினார். 1974-ல் பிரிட்டனில் 'த பேபி கில்லர்' அறிக்கை வந்தது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் விதிமுறை. 1992-ல் இந்தியா தனிச் சட்டமே போட்டது. 2003-ல் அதை இறுக்கி, இரண்டு வயது வரைக்கான எந்தக் குழந்தை உணவுக்கும் விளம்பரம் கூடாது என்றது. நீங்கள் டிவியில் செரிலாக் விளம்பரம் பார்க்காமலே வளர்ந்ததற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். ஆனால் இந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் ரீல்ஸ் கிடையாது. டப்பாவை விற்பவருக்குத் தடை இருக்கிறது. சிலிகான் தட்டையும் குட்டி ஸ்பூனையும் உறிஞ்சுப் பையையும் விற்பவர் என் போனுக்குள் தினமும் வருகிறார்.

இனி நான் சொல்லப் போவதுதான் என்னை நிஜமாகவே உட்கார வைத்த கதை. இது நம்ம தமிழ்நாட்டுக் கதை.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. 1920-ல் சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு. 1956-ல் காமராஜர். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் எழுதின பதில் இது. ஆனால் இந்தக் கதையில் வருகிற எல்லாப் பிள்ளைகளும் நடந்து வந்து, வரிசையில் உட்கார்ந்து, தட்டை நீட்டுகிற பிள்ளைகள். நடக்காத பிள்ளை இதில் எங்கே?

இந்தக் கேள்வியை 1970-களின் தொடக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். 'தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு' என்று 1973-ல் ஒரு பெரிய அறிக்கை வந்தது. அமெரிக்க உதவி நிறுவனத்தின் பணத்தில், சிட்னி கேண்டர் என்பவரின் நிறுவனம் செய்தது. கேண்டர் ஆய்வு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது சொன்னது: பசியின் அடி அதிகமாக விழுவது பள்ளிப் பிள்ளைகள்மேல் அல்ல, தாய்ப்பாலிலிருந்து சோற்றுக்கு மாறுகிற வயதில் இருக்கும் குழந்தைகள்மேல். அதற்கு வறுமை ஒரு காரணம், ஆனால் ஒரே காரணமில்லை. வீட்டுக்குள் வருகிற சாப்பாடு யார் யாருக்கு எப்படிப் பிரிகிறது, குழந்தைக்கு எப்போது சோறு ஆரம்பிக்கிறார்கள், வயிற்றுப்போக்கு வந்தால் எதை நிறுத்துகிறார்கள், இதெல்லாமும் காரணம். அந்தக் காலத்தில் மாநிலத்தில் சுமார் 25 ஊட்டச்சத்துத் திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் அவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. காரணம் ரொம்ப எளிது. அந்தக் குழந்தை வரிசையில் நிற்காது.

1980-ல் உலக வங்கிக் கடனில் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதித்துப் பார்த்தார்கள். குறி வைத்த வயது 6 முதல் 36 மாதம். எல்லாருக்கும் சாப்பாடு போடுகிற திட்டம் இல்லை இது. ஊரில் ஒரு பெண் மாதாமாதம் குழந்தைகளை எடை போடுவாள். எடை ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லையா, அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மருந்து கொடுக்கிற மாதிரி.

அந்த உணவு என்ன தெரியுமா? லட்டு. தானியம், பருப்பு, வெல்லம், அதோடு வைட்டமின் சேர்த்துப் பிடித்த ஒரு உருண்டை. சமைக்கத் தேவையில்லை, ஸ்பூன் தேவையில்லை, காலையில் மையத்தில் வைத்தே உதிர்த்தோ பிசைந்தோ கொடுத்துவிடலாம், கொஞ்சம் பெரிய குழந்தை தானே கையில் வைத்துக் கடிக்கும். நாற்பது வருடம் முன்னால் அரசாங்கமே விநியோகித்த, முழுக்கத் தாவரத்தால் ஆன 'ஃபிங்கர் ஃபுட்'. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதுக்கு அந்த ப்ரோக்கோலி வீடியோவை அம்மாகிட்ட காட்டினேன்!

எனக்கு லட்டைவிடப் பிடித்தது அந்த ஊழியரைத் தேர்ந்தெடுத்த விதம். உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், எல்லாச் சாதி வீட்டுக்கும் போய்வரக்கூடியவளாக இருக்க வேண்டும், முடிந்தால் ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவளாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையைப் பாருங்க. பணமில்லாமல் இதை எப்படிச் செய்வது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அவளிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்ற நம்பிக்கை அது. திட்டம் நடந்த இடங்களில் கடுமையான எடைக்குறைவு நன்றாகவே குறைந்தது என்று மதிப்பீடுகள் சொன்னன. 1990-ல் இரண்டாம் கட்டம் வந்தது, 1997 வரை ஓடியது, பிறகு அங்கன்வாடிகளோடு கரைந்துவிட்டது. 1982-ன் சத்துணவுக்குப் பாட்டு உண்டு, போஸ்டர் உண்டு, தேர்தல் மேடை உண்டு. அதே வருடங்களில் தராசைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன பெண்களுக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதக் குழந்தை நல்ல போட்டோவுக்கு நிற்காது போல.

இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அதான் பால்வாடியில இப்பவும் சத்துமாவு குடுக்குறாங்களே. வெந்நீர் ஊத்திப் பெசஞ்சு உருண்டை புடிச்சா நீகூட சாப்பிடுவ." உண்மை. இன்றைய அங்கன்வாடி இணை உணவு அந்த லட்டின் வாரிசுதான். தானிய மாவு, பயறு வகை, வெல்லம். அதில் முளைகட்டிய கேழ்வரகு மாவும் கொஞ்சம் உண்டு. ஒரே ஒரு குறை சொல்வேன். வெல்லம். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை என்றுதான் இப்போது குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வெல்லமும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு.

இப்போ ஆயாவின் கேவுரு பால். நகரத்தில் இருக்கும் நீங்கள் இதை ராகி என்பீர்கள், புத்தகம் கேழ்வரகு என்கும், இந்தப் பக்கம் கேவுரு. ஆயா செய்யும் முறை: இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் ஒன்றரை நாள் கட்டி வைத்தால் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். பால் வேண்டுமென்றால் அப்படியே அரைத்துப் பிழிந்து காய்ச்ச வேண்டும். மாவு வேண்டுமென்றால் காயவைத்து, லேசாக வறுத்து, அரைத்துச் சலிக்க வேண்டும்.

இதில் என்ன விஞ்ஞானம்? குழந்தையின் வயிறு ரொம்பச் சின்னது. ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி என்று கணக்கு. ஏழு கிலோ குழந்தைக்கு சுமார் 200 மில்லி, ஒரு டம்ளர். சாதா மாவில் கூழ் காய்ச்சினால் கொஞ்சம் மாவிலேயே கெட்டியாகிவிடும். குழந்தை விழுங்கட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் அந்த டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வயிறு நிறையும், சத்து ஏறாது. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி உண்டாகி, மாவுச்சத்தின் நீளமான சங்கிலியை வெட்டிவிடுகிறது. அதனால் அதே நீர்ப்பதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் மாவு பிடிக்கும். 1981-ல் மைசூர் ஆய்வு நிலையத்தின் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகியோர் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கேழ்வரகு, சோளம், பச்சைப்பயறு மூன்றின் முளை மாவையும் சோதித்து எழுதினார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவும் 1980-களில் இதிலேயே உழைத்தது. கெட்டிக் கூழில் ஒரு சிட்டிகை முளை மாவு போட்டால் அது கண் முன்னாலேயே இளகும். லீபிக் 1865-ல் செய்ததும் இதே வேலைதான். ஜெர்மன் விஞ்ஞானி வேதியியல் தெரிந்து செய்தார், எங்க ஆயா ஈரத்துணியை முடிந்து செய்கிறார். ஒரு எச்சரிக்கை: ஈரத்தில் ஒன்றரை நாள் என்பது கிருமிக்கும் கொண்டாட்டம். கை சுத்தம், துணி சுத்தம், கடைசியில் நன்றாகக் கொதிக்கவைப்பது, இதில் சமரசம் கூடாது.

கிருமி என்றதும் வேலூர் ஞாபகம் வருகிறது. இங்கிருந்து பஸ்ஸில் போனால் சி.எம்.சி. அங்கே 2009-லிருந்து 'மால்-எட்' என்று எட்டு நாட்டு ஆய்வின் ஒரு பகுதி நடந்தது. பிறந்த நாளிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயிற்றுப்போக்கே இல்லாவிட்டாலும், குடலில் சத்தமில்லாமல் தங்கும் கிருமிகளே வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கின்றன என்று அதில் தெரிந்தது. விரலால் சாப்பிடும் உணவு என்று நாம் கொண்டாடும்போது, அந்த விரல் எங்கே இருந்துவிட்டு வருகிறது என்பதும் சேர்ந்தே வருகிறது. அதனால் சாப்பாட்டுக்கு முன் பாப்பாவுக்கும் கை கழுவுகிறோம். அவளுக்கு அது ஒரு தனி விளையாட்டு.

சரி, இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் 'பேபி லெட் வீனிங்' எங்கிருந்து வந்தது? ஜில் ராப்லி என்ற சுகாதாரப் பணியாளர் 2008-ல் எழுதிய புத்தகம் அந்தப் பெயரைப் பரப்பியது. அதற்கு 80 வருடம் முன்பே, 1928-ல், கிளீவ்லேண்டில் டாக்டர் கிளாரா டேவிஸ் பால் மறந்த மூன்று குழந்தைகள் முன்னால் பலவகை உணவுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, எது வேண்டுமோ அவர்களே எடுக்கட்டும் என்று விட்டார். நர்ஸ் கண்ணால்கூட எதையும் சுட்டிக்காட்டக் கூடாது. பிறகு சிகாகோவில் பதினைந்து குழந்தைகள் வரை இந்தச் சோதனை போனது. குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. உடனே "குழந்தைக்கே எல்லாம் தெரியும்" என்று உலகம் கொண்டாடியது. ஆனால் டேவிஸே 1939-ல் சூட்சுமத்தைச் சொல்லிவிட்டார். அந்தத் தட்டுகளில் சர்க்கரை இல்லை, மைதா இல்லை, டப்பா உணவு இல்லை. எதை எடுத்தாலும் நல்லதுதான் என்கிற மாதிரி பெரியவர்கள் முதலிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். எவ்வளவு, எது என்பது குழந்தையின் முடிவு. தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது நம்முடையது.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். தொண்டையில் சிக்குவது. இதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். நியூசிலாந்தில் 'பிளிஸ்' என்று 206 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2016-ல் முடிவு வந்தது. சரியான அறிவுரையோடு தானே எடுத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, ஸ்பூனில் ஊட்டப்பட்டவர்களைவிட அதிகமாக மூச்சடைக்கவில்லை. அறிவுரை என்பதுதான் முக்கியம். நம் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாயில் எப்போதும் குழந்தைதான் வைக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைக் கேரட், முழு திராட்சை, முழுக் கடலை, பொரி, இதெல்லாம் கூடவே கூடாது.

இன்னொன்று. குமட்டுவதும் மூச்சடைப்பதும் ஒன்றல்ல. குமட்டும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், குழந்தையே வெளியே தள்ளிவிடும். மூச்சடைத்தால் சத்தமே இருக்காது. அப்போது முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். மாறி மாறி. கூடவே ஒருவர் 108-க்கு அடிக்க வேண்டும். இதை ஒரு பொம்மையை வைத்து அம்மாவுக்குச் செய்து காட்டினேன். அம்மா மூன்று தடவை செய்து பார்த்தாள். அதன் பிறகுதான் பரங்கிக்காய்க்கு அனுமதி கிடைத்தது.

பரங்கிக்காய்! பெயரிலேயே பரங்கியர் உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது. சக்கரவள்ளிக் கிழங்கும் அங்கிருந்துதான், நிலக்கடலையும் அங்கிருந்துதான். ஆயா பாரம்பரியம் என்று சத்தியம் செய்யும் கேவுருவே கிழக்கு ஆப்பிரிக்காவின் பயிர். இந்த மண்ணிலேயே பயிராகிய தானியம் என்றால் சாமை. ஜவ்வாது மலை மேலே மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் போடுவது. சாமையைக் குழைய வேகவைத்து, பாசிப்பருப்போடு மசித்து, விரல் மாதிரி பிடித்து ஆவியில் வைத்தால் பிடி கொழுக்கட்டை. பாப்பாவின் இரண்டாவது நாள் அதுதான். பாதி காதில் போனது.

நிலக்கடலை விஷயத்தில் உலகமே ஒரு தடவை தப்புப் பண்ணியது. ஒவ்வாமை வரும், மூன்று வயது வரை கொடுக்காதீர்கள் என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது, 2008-ல் அதைக் கைவிட்டது. அதே 2008-ல் லண்டனில் கிடியன் லாக் குழு ஒரு கணக்கு வெளியிட்டது. இஸ்ரேலில் குழந்தைகள் சின்ன வயதிலேயே 'பம்பா' என்ற கடலைப் பொரி தின்கிறார்கள். அங்கே கடலை ஒவ்வாமை, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான். 2015-ல் 640 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், சீக்கிரமே கடலை கொடுத்தவர்களுக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்தது. கடலை விளைகிற இந்த ஊரில் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. வறுத்து நைசாக அரைத்த கடலைப் பொடியைக் கொழுக்கட்டையில் கால் ஸ்பூன் சேர்த்தேன். தோலில் கடுமையான சொறி, கரப்பான் உள்ள குழந்தை என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்க.

மலையிலிருந்து வந்த தேன் பாட்டில் ஒன்று அலமாரியில் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்தது. ஒரு வயது வரை அதைத் திறக்க மாட்டோம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை விதையணு சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும். 1976-ல் கலிஃபோர்னியாவில்தான் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். நம்ம சேனை வைக்கிற பழக்கம் அதைவிட ரொம்பப் பழையது. ஆயாவிடம் இதை ஜெயிப்பது கஷ்டம். "உனக்கு நான்தான் வெச்சேன், நீ இன்னா செத்தா போயிட்ட?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டிலை மட்டும் மேல் தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லணும். இந்த எபிசோட் முழுக்கக் காய், கிழங்கு, தானியம் என்றே பேசுகிறேன். தாவர உணவு மட்டும் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆறு மாதத்தோடு, பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து தீர ஆரம்பிக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருப்பு, பயறு, கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும், ஆனாலும் சொட்டு மருந்து வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். பி12 தாவரத்தில் கிடைக்காது. அம்மா சைவமாக இருந்து தாய்ப்பால் கொடுத்தால் அம்மாவுக்கே அது குறைவாக இருக்கலாம். எங்க வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, முட்டையும் மீனும் வரிசையில் காத்திருக்கின்றன.

நேற்று அம்மா காலண்டரை எடுத்து, தேதிக் கட்டங்களுக்குள் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். திங்கள் பரங்கி, செவ்வாய் சாமைக் கொழுக்கட்டை, புதன் சக்கரவள்ளி, வியாழன் இட்லித் துண்டு. வெள்ளிக்கிழமை கட்டத்தில் படவேடு என்று இருந்தது. ரேணுகாம்பாள் கோயிலில் முதல் சோறு ஊட்டணுமாம். "இத்தனை நாள் தின்னதெல்லாம் முதல் சோறு இல்லையாம்மா?" என்றேன். "அது வெறும் காய்டி" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை நான் சென்னையில் ஒரு மீட்டிங்கில் இருப்பேன். பெர்மிஷன் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

காலண்டரில் சனி ஞாயிறு கட்டங்களை மட்டும் அம்மா காலியாக விட்டிருக்கிறாள். அது உன் வேலை என்றாள்.

பாப்பா எழுந்துட்டா. இத்தோட நிறுத்திக்கறேன். அடுத்த எபிசோட் சென்னையிலிருந்து.